பதினோராவது தாள்

பந்துதானே, வட்டம்தானே என்று தொடங்கினேன்.
ஜெலுத்தோங் கடைக் கல்லாவில் உட்கார்ந்து
பில் தாள்களின் முதுகில்
இருபத்து நான்கு வட்டங்கள்.
விழும்போது கொஞ்சம் நீட்டி,
தரையில் மட்டும்
நைனாவின் உள்ளங்கையில் அமுங்கும்
ரொட்டி மாவுருண்டைபோல் தட்டையாக்கி.

மழை. ஆளில்லாத மேசைகள்.
கிளிப் போட்டு, கட்டைவிரலால் சரசரவென்று விட்டேன்.
விழுகிறது விழுகிறது
தரையைத் தொடாமலே எழும்புகிறது.

எண்ணினேன்.
பதினொன்று இல்லை.

திருத்தலாமென்று தனியே வைத்தது.
இரண்டு தே தாரேக், ஒரு ரொட்டி, ஆறு வெள்ளி என்று
முன்பக்கம் எழுதி
நானேதான் நீட்டியிருக்கிறேன்.

இந்நேரம் பட்டர்வொர்த் போகும் ஃபெரியில்
யாருடைய நனைந்த சட்டைப்பையிலோ
தரையைத் தொட்டபடியே இருக்கிறது
என் பந்து.