ருகேகி

குலசாமி பேரைத்தான் வைத்தோம் அவளுக்கு,
பேச்சி.
ஆன்டாப் ஹில்லில் எங்கள் சந்துக்குள்
அதைச் சொல்லிச் சிரிக்காதவர் பாக்கி இல்லை.
ஏழு வயது.
வாசலில் வேற்றுக்குரல் கேட்டால் போதும்,
கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு பிள்ளை அளவுக்கு இடம் இருப்பது
அவளால்தான் எனக்குத் தெரியும்.

நாக்கில் வசம்பு உரசித் தடவு என்றாள்
மாடிவீட்டுச் சொர்ணக்கிளி.
பொழுது சாய்ந்தபின் அதன் பேரை உச்சரிக்கக் கூடாதாம்,
பேர் சொல்லாதது என்றுதான் கடையில் கேட்கவேண்டுமாம்.
தன் பேர் சொல்லாதவளுக்குப்
பேர் சொல்லாதது.
தடவினேன். துப்பினாள்.
டான்ஸ் கிளாஸில் மூன்று வாரம்
தூணுக்குப் பின்னால் இன்னொரு தூணாக நின்றாள்.
பீஸ் திரும்பி வரவில்லை.
அவள் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை அதட்டிப் பார்த்தார்.
அன்று முழுக்க என்னிடம்கூடப் பேசவில்லை அவள்.
ஆட்டுக்கறி எடுத்திருந்தோம்,
அவருக்கும் இறங்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் குனிந்து கேட்டார் ஒருநாள்,
என்ன படிக்கிறாய்?
ரெண்டாம் கிளாஸ் என்றேன்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்:
நீங்களா?

இருமல் மருந்தோடு நடந்து வரும்போது
ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன்.
பால்காரர், வாட்ச்மேன், ரேஷன் கடை வரிசை,
பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடும் ஆயா.
கேள்வி அவள்மேல் விழுமுன்
பாய்ந்து பாய்ந்து நான்தான் பிடித்திருக்கிறேன்.
அவள் கைக்கு
ஒரு பந்துகூட வந்து சேர்ந்ததில்லை.

இனி யார் கேட்டாலும்
மனசுக்குள் பத்து எண்ணுவது என்று வைத்துக்கொண்டேன்.
சொல்லிவிடலாம். எண்ணிப் பாருங்கள்.
நாலாவது எண்ணிலேயே
பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று
தெருவே திரும்பிப் பார்ப்பதுபோல் இருக்கும்.
ஐந்தில் உடைந்துவிடுவேன்.

ஒரு லீவு நாளில்
தையலுக்கு ஊக்கும் லேசும் வாங்க
மஸ்ஜித் கிளம்பினோம், லேடீஸ் டப்பாவில்.
பதினோரு வருஷமாயிற்று,
என் இந்தி இன்னும்
கால் மாற்றிப் போட்ட செருப்போடுதான் நடக்கிறது.
பக்கத்து அம்மாளிடம் கேட்டேன்:
காடி மஸ்ஜித் மே ருகேகா?

ருகேகி.

என் முழங்கைக்குக் கீழேயிருந்து வந்தது.
வண்டி அந்தப் பாஷையில் பெண்பிள்ளை,
நான் எப்போதும் அதற்கு மீசை வரைந்துவிடுவேன்.
பேச்சிக்குப் பொறுக்கவில்லை.

நாலு பேர் திரும்பினார்கள்.
கிளிப் விற்கிறவள் வளையத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு
குனிந்து கேட்டாள், உன் பேர் என்ன, ராணி?

ஒன்று. இரண்டு.
என் நாக்கு பல்லின் பின்னே
அடைத்துவைத்த ஆட்டுக்குட்டியாக முட்டியது.
காட்டன் கிரீன் வந்து போனது.
ஏழு. எட்டு.
பத்து முடிந்து மறுபடியும் ஒன்று.
ரே ரோடு தாண்டியும்
பேரைச் சொல்லவில்லை அவள்.
வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு,
நீலத்தில் இருக்கா, என்றாள்.

இருந்தது. ஓரம் உடைந்தது ஒன்று.
அதையே வாங்கினோம்.

பள்ளியில் இன்னும் தலையாட்டல்தான்,
டீச்சர் டைரியில் எழுதி அனுப்புகிறார்.
கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

எனக்கு இப்போது ருகேகி நன்றாகத் தெரியும்.
ஆனாலும் வண்டி ஏறியதும் ருகேகா என்கிறேன்.
குழாயடியில் பானி ஆயி என்கிறேன்.
ஆயா, என்கிறாள் அவள்,
ஒவ்வொரு தடவையும் அரை அங்குலம் உரக்க.

நேற்று வடாலாவில் கூட்டம் ஏறியது.
காடி மஸ்ஜித் மே ருகேகா?
பேச்சி என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.
எம்மா, நீ வேணும்னேதான தப்பாச் சொல்லுத?

டப்பா முழுக்கக் கேட்டது.
ஜன்னலோரம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள்கூட
கையை நிறுத்திவிட்டாள்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
ஒன்று. இரண்டு. மூன்று.
ஒளிந்துகொள்ள
அங்கே ஒரு சிலிண்டர்கூட இல்லை.