விடை: இல்லை

அரவேனுவில் எங்கள் தண்ணீர்த்தொட்டி மேல்
ஒரு பெட்டி வைத்தேன். ஐஸ்கிரீம் டப்பாதான்.
உள்ளே வெப்பமானி, சிம் கார்டு, சிலிக்கா பொட்டலம்.
பத்து நிமிடத்துக்கொரு முறை
குளிர் எவ்வளவென்று வலையில் ஒரு முகவரிக்குச் சொல்லும்.
கேட்பவருக்குக் கொடு, யாரென்று கேட்காதே:
இவ்வளவுதான் அதற்கு நான் எழுதிய சட்டம்.
கடவுச்சொல் வைக்கவில்லை.
பெரிய மனசெல்லாம் இல்லை,
அன்றைக்குச் சோம்பல், அப்புறம் மறதி.

முதல் மாதம் நான் மட்டுமே கேட்டேன்.
பிறகு கேத்தியில் கேரட் கழுவும் சேவணன்
என் குளிரையும் வேறொருவர் ஈரப்பதத்தையும் சேர்த்து
விடியுமுன் எந்த வளைவில் மூடுபனி என்று
லாரிக்காரர்களுக்குச் சொல்லும் ஒன்றைச் செய்தான்.
அவன் செய்ததை எடுத்து
கூடலூர் ஜஸீலா, பள்ளி வேனுக்கு ஒன்று.
ஜஸீலா செய்ததை எடுத்து, யாரோ,
மேட்டுப்பாளையம் மண்டியின் விலைப்பலகைக்கு.
எனக்கு எதுவும் தெரியாது.
பதிவேட்டில் எண்கள் கூடின,
மாட்டுக்கு ஈ மொய்க்கிற மாதிரி என்று விட்டுவிட்டேன்.

எமரால்டில் ஆல்துரை
சேவணனிடமிருந்து என் எண்ணை வாங்கி
அதில் ஆறைக் கழித்து
மிச்சம் சுழியத்தைத் தொட்டால் மோட்டாரைப் போடு
என்று எழுதியிருக்கிறார்.
உறைபனி இறங்குமுன் உருளைச்செடி நனைய வேண்டும்.
மூன்று இரவு பயிர் பிழைத்ததாம்.

தை மாதம், ஒரு ராத்திரி, குரங்கு ஒயரைக் கடித்தது.
பெட்டி வாய் திறக்கவில்லை.
என் முகவரியோ கேட்டவருக்கெல்லாம்
உள்ளதை உள்ளபடி சொன்னது: இல்லை.
அந்த இல்லை, கேத்தி வழியாகப் போகும்போது
எங்கோ ஒரு வரியில்
சுழியம் ஆகிவிட்டது.

சுழியம் ஓர் அளவு. அதில் தண்ணீர் உறையும்.
இல்லை என்பது
கதவைத் தட்டிவிட்டு நிற்கிற நேரம்.
உள்ளே ஆள் இருக்கலாம்.

இரண்டு பத்துக்கு எமரால்டில்
ஏழு மோட்டார்கள் ஒன்றாக எழுந்தன.
மேகம் போர்த்திய, வெதுவெதுப்பான இரவு.
மப்ளரும் டார்ச்சுமாக வயலில் நின்றவர்கள்
வானத்தைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள்.
மைனஸ் ஆறு என்றது போன்.
கேத்தியில் பதினோரு லாரி நகரவில்லை.
மண்டியில் கேரட் மூட்டைக்கு எண்பது ரூபாய் ஏறியது,
ஒரு குரங்கால்.

காலையில் எப்படியோ என் நம்பர் பிடித்து
ஆல்துரை கூப்பிட்டார். திட்டு வாங்கத்
தொண்டையைச் செருமி வைத்துக்கொண்டேன்.
"நீங்கதானா அது?" என்றார்.
"இத்தனை நாளா கவர்மெண்டுன்னு நெனச்சேன்."

பூட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.
சாவி, கையெழுத்து, மாதம் ஐம்பது ரூபாய்.
அதற்குள் ஒரு திருத்தம் வந்து கிடந்தது,
பழனி மலையின் மன்னவனூரிலிருந்து.
பூண்டு உலர்த்தும் கொட்டகைக்காக
என் நிரலை நகலெடுத்து, தன் கூரையிலும்
ஒரு டப்பா வைத்திருக்கும் இருதயமேரி அனுப்பியது.
நான்கே வரி.
அளவு இல்லையென்றால் பக்கத்துப் பெட்டியைக் கேள்.
அங்கும் இல்லையென்றால்
இல்லை என்பதை எழுத்தில் சொல், எண்ணில் சொல்லாதே.
கீழே ஒரு குறிப்பு:
'இங்கே எலி. உங்கள் ஊரில் என்ன?'

பக்கத்துப் பெட்டிக்கு எங்கே போவது?
இரண்டு வாரத்தில் சேவணன் ஒன்று வைத்தான்.
ஆல்துரை மோட்டார் கொட்டகையில் இரண்டு.
ஜஸீலா யாரிடமும் சொல்லாமல் வேன் மேல் ஒன்று.
அது ஊட்டி வரை போய்வந்து
ஊட்டிக் குளிரைக் கூடலூர்க் குளிர் என்கிறது.
இன்னும் சரிசெய்யவில்லை.

பதிவேட்டில் ஒருவர் இருக்கிறார்.
இரண்டாம் மாதத்திலிருந்து, இரவோ பகலோ,
மணிக்கொரு தடவை கேட்கிறார்.
எந்த ஊர், என்ன பயிர், பயிர்தானா, தெரியாது.
மோட்டார் ஓடிய இரவிலும் கேட்டார்.
இல்லை என்றது.
ஒரு மணி கழித்துத் திரும்பக் கேட்டார்.

இப்போது மாலை நாலு.
பதினாறு புள்ளி நான்கு என்று அவருக்குப் போயிருக்கும்.
ஒயரில் மிளகாய்த்தூளைக் குழைத்துப் பூச
ஏணியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.