முக்கால் நொடி

தை செங் தொழிற்கட்டடம், ஆறாம் மாடி.
இரவு பத்துக்கு ஏர்கான் தானாக நின்றுவிடும்.
அதற்குப் பிறகு
கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டு
நான் எழுதியதை நானே அழிக்கத் தொடங்கினேன்.

பன்னிரண்டு ஆண்டுக்கு முன்
அந்தத் தளத்தில் வெளியாளுக்கு ஒரு சன்னல்கூடக் கிடையாது.
பட்டன் வேண்டுமா, நீயே வார்த்துக்கொள்.
பட்டியல் வேண்டுமா, நீயே கோடிழுத்துக்கொள்.
வார்த்தேன். இழுத்தேன்.
ஆணி அடிக்கக்கூடாது என்று
வீட்டுக்காரர் கண்டித்துச் சொன்ன வாடகை அறையில்
ஒட்டுக் கொக்கிகளிலேயே
துணி, குடை, கடிகாரம், காலண்டர் என்று
ஒரு குடித்தனத்தையே தொங்கவிட்டவன் நான்.
என் சட்டகத்துக்கும் அதே பெயரை வைத்தேன்:
கொக்கி.

சரக்குக் கணக்குத் தளத்தின் மேல் ஒட்டிக்கொண்டு
எங்கள் செருகுநிரல்.
அதன் முதுகைத் தாங்கிக்கொண்டு
கொக்கி.

இப்போது தளத்துக்காரர்களே எல்லாம் தருகிறார்கள்.
சன்னல், பட்டன், பட்டியல்,
கண் கூசாதிருக்க இருட்டு நிறமும்.
மார்ச்சுக்குப் பிறகு
சொந்தச் சட்டகம் எதுவும் ஓடாது என்று
இரண்டே வரியில் அறிவிப்பு.
"சும்மா கெடைக்குது,
ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?"
என்றான் ஜுல்பிகார்.

தூக்கி வைக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினோராயிரத்து நானூற்றுச் சொச்சம் வரி.
விவாகரத்து வழக்கு நடந்த மாதங்களில் எழுதியவை
பார்த்தாலே தெரிகின்றன.
பிழை வந்தால்
பேசாமல் விழுங்கிவிடு, மேலே போ என்று
ஒன்பது இடங்களில்.

சுவரிலிருந்து உரித்தால்
கொஞ்சம் பெயிண்டும் சேர்ந்துதான் வரும்.
வந்தது.
அனுப்பு பட்டனுக்கு அடியில் ஒரு வரி:
முக்கால் நொடி காத்திரு.
மெதுவான பழைய கணினிகளுக்காக
என்றோ போட்ட ஒட்டு.
அந்தக் கணினிகளே இப்போது இல்லை.
அழித்தேன்.

செவ்வாய் காலை வெளியிட்டோம்.
யாரும் கவனிக்கவில்லை.
இந்த வேலையில் அதற்குப் பெயர்தான் வெற்றி.

வியாழன், துவாஸிலிருந்து போன்.
சரக்கு முனையத்து நோர்ஹயாத்தி.
"ரொம்ப வேகமாகிவிட்டது" என்றார்,
புகார் சொல்லும் குரலில்.
மூன்று நாளில் நான்கு பெட்டிகள்
தவறான எண்ணில் கிளம்பியிருக்கின்றன.
முந்தைய நான்கு ஆண்டில்
ஒன்றுகூட இல்லை.

துவாஸ் லிங்க்கில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து
அவர் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.
மேசையில் ஆறிப்போன மைலோ, சின்ன விசிறி.
பதினோரு எழுத்துப் பெட்டி எண்ணை
ஒரே மூச்சில் தட்டி, அனுப்பை அழுத்திவிட்டு,
அதன் பிறகு
உதடு அசைய அந்த எண்ணை மறுபடி படித்தார்.
தவறென்றால் நிறுத்த விரல் தயாராக
விசைப்பலகையின் இடது மூலையில் நின்றது.

நிறுத்துவதற்கு அங்கே இப்போது ஒன்றும் இல்லை.
பெட்டி போய்விட்டிருந்தது.

என் சோம்பேறி பட்டன் சாம்பல் நிறத்தில் கிடந்த
அந்த முக்கால் நொடிக்குள்
ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.
எனக்குத் தெரியாது.
அவருக்கும் தெரியாது.

புதிய சட்டகத்தில் தாமதிக்க வழி இல்லை.
'நிச்சயமாகவா?' என்று கேட்கும் பெட்டி மட்டும் உண்டு.
அதைக் காட்டினேன்.
சிரித்துவிட்டார்.
"கேட்டால் ஆமாம் என்றுதான் அழுத்துவேன்.
அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?"

திரும்பி வந்து
தளத்தின் சொந்தப் பட்டனுக்கு அடியில்
இரண்டு வரி எழுதினேன்.
கொக்கியில் மிஞ்சியது அவ்வளவுதான்.

சரிபார்க்க வந்த ஜுல்பிகார் கேட்டான்:
"வேணும்னே மெதுவாக்குறியா? எதுக்கு?"

குறிப்பு எழுத மறந்திருந்தேன்.
மேலே ஒரு வரி சேர்த்தேன்:
நோர்ஹயாத்தி மறுபடி படிப்பதற்கு.

அவர் வேலை மாறிப் போனால் என்ன செய்வது என்றான்.
தெரியவில்லை என்றேன்.
ஏற்றுக்கொண்டான்.