செக்கானூரணி வரை ஒரு டிக்கெட்

முப்பத்தொரு வருடம்
ஆரப்பாளையம் – தேனி.
கழுத்தில் விசில் கிடந்த இடத்தில்
இப்போது மூக்குக்கண்ணாடிக் கயிறு.

பிரேம்நாத் வந்திருந்தான்.
வில்லாபுரம் ஹவுசிங் போர்டு, கீழ்வீடு.
மடியில் லேப்டாப்,
கையில் நாற்பத்தாறு பக்கப் புத்தகம்.
"அடிப்படை பாலிசி ரெண்டு லட்சம்யா.
அதுக்கு மேல டாப்-அப்.
பத்து லட்சம் வரைக்கும் கவலையே இல்ல."
கவலையே இல்லை என்று சொல்கிறவர்களைத் தெரியும் எனக்கு.
ஆண்டிபட்டி கணவாயில் வண்டி மக்கர் பண்ணினால்
முதலில் இறங்கி லாரிக்குக் கை காட்டுவார்கள்.

வயது எழுபத்திரண்டு.
சர்க்கரை. பிரஷர். நெஞ்சுக்குள் ஒரு ஸ்டென்ட்.
ஒவ்வொன்றாக அவன் தட்டத் தட்ட
திரையில் பிரீமியம் ஏறியது,
மாசி வீதியில் பங்குனி வெயில் ஏறுகிற மாதிரி.

"ஏற்கனவே உள்ள நோய்க்கு மட்டும்
மூணு வருசம் காத்திருக்கணும்."
எத்தனையோ ராத்திரி
கடைசி வண்டியைத் தவறவிட்டு
நிழற்குடையில் குந்தியிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.
விடிகாலை நாலே காலுக்கு இருக்கு என்பேன்.
மூன்று வருடத்தில் இருக்கு என்று
ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

பீரோவில் அரசு அட்டை இருக்கிறது.
அது டவுன் பஸ்.
நின்று நின்றுதான் போகும், நெரிசல்,
ஆனாலும் ஒரு நாள் என் நெஞ்சை ஏற்றிக்கொண்டுபோய்
பெரியாஸ்பத்திரியில் இறக்கிவிட்டது,
காசு கேட்காமல்.
அழகுமீனாவின் தோளுக்குத்தான் அது போகாத ரூட்டாம்.
அவளுக்குப் பார்க்கிற ஆஸ்பத்திரியில் அந்த அட்டை செல்லாதாம்.

அவள் அதுவரை வாய் திறக்கவில்லை.
தரையில் உட்கார்ந்து
யாருடைய சேலைக்கோ ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள்.
இரண்டு வயதில் போலியோ.
நாற்பத்து மூன்று வயது வரை
கால் செய்யவேண்டிய வேலையை எல்லாம்
தோள்தான் செய்தது. தேய்ந்துவிட்டது.
ஊசியைச் சேலையில் குத்தி வைத்தாள்.
புத்தகத்தை வாங்கினாள்.
பொடி எழுத்து பக்கத்துக்கு நேராகப் போனாள்.

"டாப்-அப் எங்கேருந்து ஆரம்பிக்குது?"
"மூணு லட்சத்துலேருந்துக்கா."
"அடிப்படை எங்க நிக்குது?"
"ரெண்டுல."

மின்விசிறி மட்டும் பேசியது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது.
செக்கானூரணி வரை ஒரு டிக்கெட்.
உசிலம்பட்டியிலிருந்து இன்னொரு டிக்கெட்.
நடுவில் வண்டி கிடையாது.
நடந்துதான் போகவேண்டும்.

என் மகளால் நடக்க முடியாது.

"யாரும் இதக் கேட்டதில்லக்கா" என்றான் பிரேம்நாத்.
அவன்மேல் கோபம் வரவில்லை.
சட்டைக் காலர் நைந்திருந்தது;
அவனுக்கும் மாதக் கலெக்‌ஷன் டார்கெட் இருக்கும்.
ரெண்டிலிருந்தே ஆரம்பிக்கிற டாப்-அப் ஒன்று இருந்தது.
நாலாயிரத்து முந்நூறு கூடுதல்.
"எண்பத்தாறு சேலை" என்றாள் அவள்,
என்னைப் பார்த்து அல்ல,
தன் தோளைப் பார்த்து.

படிவத்தில் ஒரு கட்டம்: சார்ந்திருப்பவர்.
அவள் பெயரை எழுதச் சொன்னான். எழுதினேன்.
காலையில் எனக்கு இன்சுலின் போடுவது யார்,
கரண்ட் பில் கட்டுவது யார்,
ராத்திரி நான் இருமினால் முதலில் விழிப்பது யார்,
இதற்கெல்லாம் அந்தக் கட்டத்தில் இடம் விடவில்லை.

முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு எண்ணிக் கொடுத்தேன்,
எச்சில் தொட்டு, இரண்டு தடவை.
பென்ஷன் பாதி, ஃபால்ஸ் பாதி.
"நாப்பது ரூவா மிச்சம்யா, அக்கவுண்ட்ல வந்துரும்."

ரசீதைத் திருப்பினேன்.
பின்பக்கம் 40 என்று எழுதி
ஒரு வட்டம் போட்டேன்.
அதன் கீழே
3 வருடம் என்று எழுதி
அதற்கும் ஒரு வட்டம்.

"இறங்கும்போது வாங்கிக்கிறேன் தம்பி,
ஒரு கையெழுத்துப் போடு."