நடுவுல காணோம்

செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுப் பட்டறைக்கு மேல் என் அறை.
பத்துக்கு எட்டு.
சுவரில் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறேன்.
கை விரித்தால் இரண்டு பக்கமும் இடிக்கும்.
இதற்குள் உட்கார்ந்துதான்
சேர்வராயன் மலை அகலத்துக்கு
ஒரு இசை செய்யப் பார்த்தேன்.

முதலில் சின்னப் பொய்.
ஒரே ஒலியை இரண்டாக்கி
வலப்பக்கத்தை மட்டும்
பதினெட்டு மில்லிசெகண்ட் பிந்தி அனுப்பினேன்.
காது அதை இரண்டென்று எண்ணாது.
இடம் என்று எடுத்துக்கொள்ளும்.

போதவில்லை.
பெரிய பொய்க்குப் போனேன்:
ஒரு பக்கத்து அலையைக் கவிழ்த்தேன்.
இங்கே மேடென்றால் அங்கே பள்ளம்.
ஹெட்போனுக்குள் சுவர் கழன்றது.
முட்டை அட்டை, கீழே பாலிஷ் மோட்டார்,
சந்து, சாக்கடை, எல்லாம்
என் தலைக்கு வெளியே எங்கோ நகர்ந்து நின்றன.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நின்று ஆடினேன்,
பார்க்க ஆளில்லாத தைரியத்தில்.

பிலோமிக்கு அனுப்பினேன்.
நாகலூரில் காப்பித் தோட்ட ஆபீசில்
கூலிக் கணக்கு எழுதுகிறவள்.
ஆறு வயதில் ஒரு காய்ச்சல்
அவள் இடக்காதை எடுத்துக்கொண்டு போனது.
அவள் போனில் ஒரு பொத்தான்
எப்போதும் நீலமாக எரியும்: மோனோ.
இரண்டு பக்கத்தையும் கூட்டி
இருக்கிற காதில் ஊற்றும்.

அதை மறந்திருந்தேன்.
மறந்தேன் என்பதுகூடச் சரியில்லை.
அவள் என் இடப்பக்கமாகவே நடப்பாள்.
ஏன் என்று கேட்காமல்
நாலு வருஷம் கூட நடந்திருக்கிறேன்.

"டொக்கு டொக்குன்னு அடி கேக்குது.
கீழ ஒரு உறுமல் கேக்குது.
நடுவுல ஒண்ணுமே காணோமே,
இனிமேதான் போடப்போறியா?"

மேட்டையும் பள்ளத்தையும் கூட்டினால் பூஜ்யம்.
நாற்பது மணி நேரம் உழைத்து
அவளுக்கென்று துல்லியமாக
ஒன்றுமில்லாததைச் செய்திருக்கிறேன்.

ஞாயிறு, முதல் பஸ்.
வளைவுக்கு வளைவு
சேலம் ஒரு தடவை இடது ஜன்னலில்,
ஒரு தடவை வலது ஜன்னலில்.
பன்னிரண்டாவது கொண்டை ஊசியில்
எனக்குக் காது அடைத்தது.
கண்டக்டர் வாய் அசைந்தது,
மீதிச் சில்லறை கையில் சத்தமில்லாமல் விழுந்தது.
எச்சில் விழுங்கினேன். திறக்கவில்லை.
பதினாறு வரைக்கும் அப்படியே போனேன்.

மழைக்கு முன்னால் இரண்டு மைக் நட்டோம்.
ஒன்று கொட்டகைத் தகரத்துக்குக் கீழே.
ஒன்று பதினேழு அடி தள்ளி,
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடி ஓரம்.
மேலே குடைக்குப் பதில் யூரியாச் சாக்கு.
நகல் எடுக்கவில்லை. கவிழ்க்கவில்லை.
பிலோமி எதையோ முனகிக்கொண்டிருந்தாள்.
இன்னொரு முறை என்றேன்.
இரண்டாவது முறை மூச்சு ஒரு பொட்டு முந்திவிட்டது.
"திருப்பிப் பாடட்டுமா?"
வேண்டாம், அது இருக்கட்டும்.

அறைக்குத் திரும்பி
உறுமலை நடுவில் அசையாமல் உட்காரவைத்தேன்.
முதல் முனகல் இந்தப் பக்கம், இரண்டாவது அந்தப் பக்கம்.
கூட்டிப் பார்த்தேன்.
சுருங்கியது, சாகவில்லை.

முந்தையதைவிட அகலம் குறைவுதான்.
கண்ணை மூடினாலும்
முட்டை அட்டை லேசாகத் தெரிகிறது.

புதன்கிழமை பதில் வந்தது.
"தகரத்துல விழுறது எது,
இலையில விழுறது எதுன்னு பிரிச்சுச் சொல்லிடுவேன்.
ஆனா ரெண்டும் ஒரே எடத்துலேர்ந்துதான் வருது.
பரவால்ல,
எனக்கு மழை அப்படித்தான் பெய்யும்.

அந்த டொக்கு டொக்கை மட்டும் கொஞ்சம் கொறை."