இருபத்தெட்டு நாள்

மின்னஞ்சல் வந்தபோது
வேலந்தாவளம் சோதனைச்சாவடியில்
மூன்றாவது வண்டி என்னுடையது.
பின்னால் நாற்பது பெட்டி தக்காளி,
பதினோரு மூட்டை பீர்க்கங்காய்.
போலீஸ்காரர் டார்ச்சை ஒருதடவை ஓட்டிவிட்டு
"பொய்க்கோ" என்றார்.
போகலாம் என்று அர்த்தம்.
ஒழலப்பதியில் பிறந்தவன் எனக்கே
அன்றைக்கு அந்தச் சொல்
தமிழில்தான் காதில் விழுந்தது.

உங்கள் உறவு உண்மையானது என்பதில்
எனக்குத் திருப்தி இல்லை,
என்று எழுதியிருந்தார்
பெயர் போடாத ஓர் அதிகாரி.

லீட்ஸில் அப்போது மத்தியானம்.
செலின் நைட் டூட்டி முடித்துத் தூங்கும் நேரம்.
எழுப்பவில்லை.
பாலக்காடு போய்த் தக்காளியை இறக்கினேன்.
ஒரு பெட்டி குறைந்தது என்று சண்டை போட்டேன்.
குறையவில்லை. நான்தான் தப்பாக எண்ணியிருந்தேன்.

காரணம் இரண்டு.
பஞ்சாயத்து கொடுத்த கல்யாணச் சான்றிதழ் மலையாளத்தில்;
மொழிபெயர்த்தவர்
அப்பா சவரிமுத்துவைச் சவரியார் ஆக்கிவிட்டார்.
இரண்டாவது, போட்டோ.
கல்யாண ஆல்பத்தில் எங்கள் நடுவில்
எப்போதும் யாராவது ஒரு சித்தப்பா.
அதற்குப் பிறகு ஐந்து வருஷம்:
நான் எடுத்ததில் அவள் மட்டும்,
அவள் எடுத்ததில் நான் மட்டும்.
மலம்புழாவில் ஐஸ்கிரீம் ஒழுக ஒழுக
நான் சிரிக்கிறேனே, யாரைப் பார்த்து?
எடுத்தவளை அந்தப் படத்துக்குள் காட்ட
எந்த நோட்டரியால் முடியும்?

பேக்கரிக்கு மேல்மாடியில் கன்சல்டன்சி.
ஷிஜிமோள் விரல் மடக்கிச் சொன்னாள்.
மறுஆய்வு கேட்கலாம், இருபத்தெட்டு நாளுக்குள்;
அவர்கள் செய்த பிழையை மட்டும் காட்டலாம்,
புதுக் காகிதம் ஒன்றுகூடச் சேர்க்க முடியாது.
இல்லையென்றால் புதிதாக விண்ணப்பம்:
வண்டியின் ஏழு மாசத் தவணை.
அங்கேயே வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்கும் போகலாம்.
எவ்வளவு என்று கேட்டேன்.
வாயால் சொல்லாமல்
துண்டுச்சீட்டில் எழுதித் திருப்பி வைத்தாள்.
நாலாவது விரல் பாதி மடங்கி
அப்படியே நின்றது.
"அது சேச்சி தீருமானிக்கணும்" என்றாள்.
"அதுக்கு நாங்க ஃபீஸ் வாங்கறதில்லை."

செலின் முதலில் சிரித்தாள்.
"நீங்க விடற குறட்டையை ரெக்கார்ட் பண்ணி அனுப்பறேன்,
பத்தாதா அவங்களுக்கு?"
வார்டில் யாரோ மணி அடித்தார்கள். போனாள்.
திரும்பி வந்து,
குரலைக் குறைத்து,
"நான் வந்துடட்டுமா?" என்றாள்.

பெட்டி நூற்றிருபதுக்குக் கேட்கிறான்,
கிணத்துக்கடவில் மழை,
பீர்க்கங்காய் பரவாயில்லை
என்றேன்.

வா என்று சொன்னால்
அவள் அம்மாவின் ஆபரேஷன் கடன் என்னைப் பார்க்கும்.
வராதே என்று சொன்னால்
அந்த அதிகாரி சொன்னது நிஜமாகிவிடும்.

நேற்று ராத்திரி அதே சாவடி. நீள வரிசை.
வீடியோவில் அவள் இருந்தாள்,
தலைமுடியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு.
கண்ணாடியைத் தட்டி, "அதாரு?" என்றார் போலீஸ்காரர்.
"பாரியா" என்றேன்.
அவர் சான்றிதழ் கேட்கவில்லை.
அப்பா பேர் கேட்கவில்லை.
"சார், ஒரு போட்டோ" என்றேன்.
அவர் போனில் அவரே எடுத்தார்:
ஸ்டியரிங்குக்கு மேலே என் முகம்,
என் கையில் உள்ளங்கையளவு அவள்.
பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடவே இல்லை.

படம் கொஞ்சம் கலங்கல்.
நெட் நின்றுபோய் அவள் கண் பாதி மூடியிருக்கிறது.
ஐந்து வருஷத்தில்
இரண்டு பேரும் சேர்ந்திருக்கிற ஒரே படம்,
மறுஆய்வில் இதைச் சேர்க்க முடியாது.

இன்றைக்கு ஒன்பதாம் நாள்.
ஷிஜிமோள் கடை பத்து மணிக்குத்தான் திறப்பாள்.
அதுவரைக்கும்
சுண்ணாம்புத்தரையில் ஒரு லோடு இருக்கிறது.