எதைக் கொண்டு திறப்பது

சோனாங்குப்பம் ஐஸ் கம்பெனியிலிருந்து
காலையில் மூன்று முறை போன்.
"மெயில் வருது மேடம், படிக்க முடியுது,
நீலமா ஒரு வரி இருக்கு,
அதைத் தட்டினா தட்டினபடியே இருக்கு."

உப்பனாற்றுப் பாலம் ஏறும்போது
காற்று திசை மாறி
சிப்காட் வாடையும் கருவாட்டு வாடையும்
ஒன்றாக முகத்தில் அடித்தன.
மழை வரும் என்று யாரோ சொன்னார்கள். வரவில்லை.

மாசிலாமணியின் அலுவலக அறைக்கு
அம்மோனியாக் குழாய் ஓடும் சுவர்.
உப்புக் காற்றுக்குப் பயந்து
கீபோர்டின் மேல் ஒரு ஈரிழைத் துண்டு.
நஜ்முதீன் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து
தட்டிக் காட்டினான்.
அம்புக்குறி கையாக மாறியது.
கை சும்மா இருந்தது.

"வைரஸா?" என்றார் மாசிலாமணி,
அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்கிற குரலில்.

இணைப்பை நகலெடுத்து
உலாவியில் நானே கொண்டுபோய் ஒட்டினேன்.
திறந்தது.
அப்படியானால் மெயில் நல்லது, நெட் நல்லது,
உலாவியும் நல்லது;
ஒருவரிடமிருந்து ஒருவருக்குச்
சொல்லி அனுப்புகிற இடத்தில்தான் கோளாறு.
கண்டுபிடித்த திருப்தியில் பக்கத்தை மூடினேன்.
(அதைப் பிறகு சொல்கிறேன்.)

மெயில் மென்பொருள் வலைப்பக்கத்தைத் தானே திறப்பதில்லை.
விண்டோஸைக் கேட்கும்: இதை யாரிடம் கொடுக்க?
விண்டோஸ் ஒரு பெயர் சொல்லும்.
செட்டிங்ஸில் பார்த்தேன்.
ஹெச்டிடிபி-க்குச் சரியான பெயர்.
கடைசியில் ஒரு எஸ் சேர்ந்தால் மட்டும் வேறு பெயர்:
போன தீபாவளிக்கு வந்த மச்சான் மகன்
"கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு மாமா" என்று
அழித்துவிட்டுப் போன உலாவி.

"அதை முதலில் போட்டது யார்?"
"பூங்காவனம்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.
ஆறு வருஷம் இந்த நாற்காலியில் இருந்தவள்.
சித்திரையில் ஒரகடத்தில் வேலை கிடைத்துப் போனாள்.
சொல்லிக்கொண்டிருக்கும்போதே
லோடுமேன் ஒருவன் தலையை நீட்டி
"பூங்காக்கா, நாகூர் வண்டி பில்லு" என்றான்.
நஜ்முதீன் எடுத்துக் கொடுத்தான்.
யாரும் திருத்தவில்லை.

பெயரை மாற்றினேன். தட்டினேன். அசையவில்லை.
மெயில் மென்பொருள் தன் பங்குக்குத்
தனியாக ஒரு குறிப்பு வைத்திருந்தது,
கோப்புறைக்குள், அடியில், பத்து வரிக் கோப்பு.
அதிலும் அதே பழைய விலாசம்.
அங்கே ஆள் இல்லை என்று
திரும்பி வந்து சொல்லக்கூடத் தெரியாத பிறவி.
கோப்புக்கு வேறு பெயர் வைத்து ஓரம் தள்ளி
மூடித் திறந்தேன்.

இப்போது தட்டியதும்
வெள்ளையாக விரிந்தது பக்கம்.
மாசிலாமணி கைதட்டியேவிட்டார்.
பிறகு படித்தோம்:
இந்த இணைப்பை ஒருமுறைதான் பயன்படுத்தலாம்.
ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது.

பயன்படுத்தியது நான்.
சோதிக்கிறேன் என்று திறந்து மூடிய நான்.
பன்னிரண்டு வருஷ சர்வீஸ்.
ஐஸ் நொறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நல்லவேளை.

காப்பீட்டுக் கம்பெனிக்குப் பதில் எழுத உட்கார்ந்தோம்.
அவர்கள் கடிதமே
"அன்புள்ள பூங்காவனம் அவர்களுக்கு" என்றுதான் ஆரம்பம்.
நஜ்முதீன் ஒரு விரலால் அடித்தான்:
புது இணைப்பு அனுப்பவும்.
கொஞ்சம் நிறுத்தி,
முதலாளியை ஒருதரம் பார்த்துவிட்டு,
இனி என் பெயருக்கு அனுப்பவும்.
எழுத்துப் பிழை ஒன்று இருந்தது. விட்டுவிட்டேன்.

காசு வேண்டாம் என்றேன்.
பெட்ரோலுக்கு என்று நூறு ரூபாய் திணித்தார்.

திரும்பும் வழியில், பாலத்தின் நடுவில்
வண்டியை ஓரம் கட்டி
போனில் 'அவசரத்துக்கு அழைக்க' என்ற இடத்தை
எடுத்துப் பார்த்தேன்.
இன்னும் அந்த எண்தான்.
அழித்தால், அடுத்து ஒரு பெயர் கேட்கும்.

கீழே ஏதோ படகில் எஞ்சின் பிடிக்காமல்
இருமிக்கொண்டிருந்தது.
பின்னால் வந்த ஐஸ் வண்டி,
சொட்டியபடி,
ஹாரன் அடித்தது.